கார்க் மர்ஃபி குடும்பத்தின் பூர்வீக ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

போத்தனூர் மருமகள்:
வணக்கம். என் மாமியார் போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியர். பிறந்த வீட்டுப் பெயர் மர்ஃபி. அவருடைய கொள்ளுத்தாத்தா அயர்லாந்தின் கார்க் பகுதிக்காரர், கத்தோலிக்கர், பட்டாளத்தில் சேர்ந்து மதராசுக்கு வந்தவர். 1850களில் பிறந்திருக்கலாம். இதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமியாருக்கு மூட்டு வலி கூடிக்கொண்டே போகிறது, அதனால் ஜூனிலேயே அயர்லாந்துக்கு அழைத்துப் போகலாம் என்று இருக்கிறோம். ஆனால் 1922இல் அங்கே ஆவணங்கள் எல்லாம் எரிந்துவிட்டதாகப் படித்தேன். போனால் ஏதாவது கிடைக்குமா?

டப்ளின்வாசி:
எல்லாம் எரியவில்லை. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் நாசமானது. 1821 முதல் 1851 வரை எடுத்த குடிக்கணக்கு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) ஏடுகளில் பெரும்பகுதி அதில் போயிற்று. கத்தோலிக்க ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே (ஒரு கோயிலின் கீழ் வரும் வட்டாரம்) இருந்ததால் தப்பின. தேசிய நூலகம் முன்பே படமெடுத்து வைத்திருந்த அவற்றை 2015இல் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டது. 1901, 1911 குடிக்கணக்குகளும் இலவசம்தான்.

பரங்கிமலைக்காரன்:
சகோதரி, டிக்கெட் போடும் முன் பங்கின் பெயரைக் கண்டுபிடியுங்கள். கார்க்தான் அயர்லாந்திலேயே பெரிய கவுண்டி (நம் மாவட்டம் போல), மர்ஃபிதான் அங்கே மிகப் பரவலான குடும்பப் பெயர். வெறும் பெயரோடு போய் இறங்குவது மதுரையில் முருகனை விசாரிப்பது போலத்தான். பங்கு கிடைத்தபின் டவுன்லேண்டைத் தேடலாம். சில வயல்களும் சில வீடுகளும் சேர்ந்த சின்ன நிலப்பிரிவு அது, நாடு முழுக்க 60,000க்கு மேல் இருக்கின்றன.

பங்கின் பெயர் பட்டாளத்துக் காகிதத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். பென்ஷனோடு வெளிவந்த சிப்பாய் என்றால் அவருடைய டிஸ்சார்ஜ் பேப்பர் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம். பிறந்த பங்கு, பக்கத்து ஊர், சேர்ந்த வயது, முன்பு பார்த்த தொழில் எல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். பிரிட்டிஷ் லைப்ரரியில் மதராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமணப் பதிவுகள் உண்டு. முதலில் பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களைத் தேட உதவும் ஃபிபிஸ் (FIBIS) தளத்தில் தேடுங்கள், காசு கேட்க மாட்டார்கள்.

எங்கள் அம்மா வழி முன்னோர் மேற்கு கார்க்கில் ஸ்கிபரீன் பக்கம். ஞானஸ்நானப் பதிவு ஒரே வரிதான்: தேதி, குழந்தை, அப்பா, கன்னிப் பெயரோடு அம்மா, ஞானப்பெற்றோர் இருவர். அந்த ஞானப்பெற்றோரை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் சித்தப்பா, அத்தை என்று சொந்தக்காரர்கள்தான். ஒரே பங்கில் நாலு மர்ஃபி வீடு இருந்தால் எது உங்களுடையது என்று அவர்களை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

பிறகு அந்தப் பதிவில் இருந்த அப்பாவின் பெயரை கிரிஃபித் மதிப்பீடு என்ற நில மதிப்பீட்டு ஏட்டில் தேடினேன். 1847க்கும் 1864க்கும் இடையில் குத்தகைக்காரர், நிலச்சொந்தக்காரர், நில அளவு, வரைபட எண் என்று பதிந்து அச்சிட்டது. அந்த வரைபடத்தோடு போனதால்தான் வயலுக்கே போய் நிற்க முடிந்தது. சுவரில் ஒரு மூலை மட்டும் மிச்சம், உள்ளே முட்செடி. பக்கத்து வயல்காரர் டிராக்டரை நிறுத்தி, வரைபடத்தை வாங்கிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார்.

ஸ்கிபரீன் ஊருக்கு வெளியே ஆபிஸ்ட்ரூரி கல்லறைத் தோட்டத்துக்கும் கட்டாயம் போங்கள். உருளைக்கிழங்கு அழுகி வந்த பஞ்சத்தில் செத்தவர்கள், 8,000க்கும் மேல், பெரும் குழிகளில் கிடக்கிறார்கள். ஒருவருக்கும் தனிக்கல் இல்லை. அந்த மண்ணில் பிறந்த பையன்கள் ஏன் பட்டாளத்துச் சோற்றைத் தேடிப் போனார்கள் என்று அங்கே நின்றபோது எனக்குப் புரிந்தது.

போத்தனூர் மருமகள்:
ரொம்ப நன்றி அண்ணா. மாமியார் இன்னொன்று கேட்கிறார். கொள்ளுப்பாட்டி இந்த ஊர்ப் பெண்ணாம், மேரி என்பது மட்டும்தான் தெரியும். அவரைத் தேட வழி உண்டா?

பரங்கிமலைக்காரன்:
கட்டாயம் தேடுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு ஞானஸ்நானப் பெயரை மட்டும் எழுதி விட்டிருப்பதைப் பல பதிவுகளில் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும். கல்யாணம் நடந்த கோயிலுக்கு நேரில் போய், சாட்சிக் கையெழுத்துகளையும் பிள்ளைகளின் ஞானப்பெற்றோர் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அவள் பக்கத்து ஆட்கள் அங்கேதான் அகப்படுவார்கள். அயர்லாந்துக்குப் போகும் முன் இந்த வேலையை முடியுங்கள்.