பூனை கடித்தது பெரணியா, வேறு செடியா? உதவி தேவை

அடையாறு மாடிவீடு:
வணக்கம். இரண்டு மாதங்களுக்கு முன் நர்சரியில் இரண்டு தொட்டிகள் வாங்கினேன். இரண்டையும் ‘ஃபெர்ன்’, அதாவது பெரணி என்றுதான் கொடுத்தார்கள். பெரணியால் பூனைக்கு ஆபத்தில்லை என்று படித்திருந்ததால் தரையிலேயே வைத்திருந்தேன். இன்று காலை என் பூனை இரண்டு முறை வாந்தி எடுத்தது. அதில் பச்சை நூல் போன்ற இழைகள் கிடந்தன. தண்ணீர் குடிக்கிறது, மீனைத் தொடவில்லை. பயமாக இருக்கிறது.

கோவைத் தோட்டம்:
முதலில் இரண்டு தொட்டிகளையும் வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது கெடுதல். தண்டில் முள் இருக்கிறதா? பூவோ காயோ தெரிகிறதா?

அடையாறு மாடிவீடு:
ஒன்றில் நீண்ட மட்டை, இருபுறமும் சீப்புப் பல்லைப் போல இலைகள். இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. பூச்சி என்று நினைத்து வாரந்தோறும் துடைக்கிறேன். மற்றது பஞ்சு போல மெல்லியது. அதில் முள் குத்துகிறது, இரண்டு பச்சைக் காய்களும் இருக்கின்றன.

கோவைத் தோட்டம்:
சீப்பு இலை பாஸ்டன் பெரணி. பூனைக்கும் நாய்க்கும் நஞ்சல்ல. அந்தப் புள்ளிகளைத் துடைக்காதீர்கள், பெரணியின் வித்துத்தூள் அங்கேதான் விளைகிறது. பெரணி பூப்பதும் இல்லை, காய்ப்பதும் இல்லை. ஆகவே காய் பிடித்த செடி பெரணியே அல்ல, அஸ்பாரகஸ். நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவு. இதை ஃபெர்ன் என்று விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அதிலுள்ள சப்போஜெனின் என்ற வேதிப்பொருள் வயிற்றைப் புரட்டும். காயைத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். செடியில் அடிக்கடி உரசினால் தோல் தடிக்கும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனாலும் பூனையைப் பட்டினி போடக்கூடாது. மாலைக்குள் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள், செடியில் ஒரு கிளையை ஒடித்துப் பையில் எடுத்துச் செல்லுங்கள்.

மதுரை நாய்ப்பிரியன்:
நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செடி நல்லதாக இருந்தாலும் உரத்தைப் பாருங்கள். ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். எலும்புத்தூளோடு கலந்துவிட்டால் வாசனைக்கு நாய் தொட்டியையே தோண்டித் தின்னும். எங்கள் நாய் அப்படித் தின்று மூன்று நாள் குளுக்கோஸில் கிடந்தது. பெரணிக்கு மண்புழு உரம் போதும்.

அடையாறு மாடிவீடு:
மாலையில் மருத்துவரிடம் போய் வந்தோம். ஊசி போட்டார். இரவு ஒன்பது மணிக்குக் கொஞ்சம் மீன் தின்றது. உங்கள் இருவருக்கும் நன்றி. முள்செடியை வளர்ப்புப் பிராணிகள் இல்லாத என் சித்தி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். பாஸ்டன் பெரணியை எங்கே வைக்கலாம்?

கோவைத் தோட்டம்:
நிம்மதி. குளியலறை ஜன்னலோரம் கொக்கியில் தொங்கவிடுங்கள், ஈரப்பதம் அதற்குப் பிடிக்கும். ஏசி காற்று நேரே பட்டால் நுனி கருகும். நஞ்சில்லாத இலையானாலும் நிறையத் தின்றால் பூனை கக்கத்தான் செய்யும், அதனால் மட்டைகள் அதற்கு எட்டும்படி தொங்க வேண்டாம். தரையில் ஒரு தட்டில் கோதுமையை முளைக்க விடுங்கள். பூனை அதை மெல்லட்டும்.