இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு ஆறு வாரங்கள் உள்ளன: உடலை எப்படித் தயார் செய்வது, பிறகு சத்துக்குறைவை எப்படித் தவிர்ப்பது?

பனித்துளி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 118 கிலோ. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரவு மட்டும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். பலமுறை எடையைக் குறைத்தும் அது திரும்ப ஏறிவிட்டதால், மருத்துவருடன் பலமுறை கலந்து பேசிய பின் இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை (இரைப்பையைச் சிறு பையாக்கி, அதைச் சிறுகுடலின் சற்றுத் தள்ளிய பகுதியுடன் நேரே இணைப்பது) செய்துகொள்ள முடிவெடுத்திருக்கிறேன்.

அதற்காக எடுத்த இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மிகக் குறைவாகவும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவாகவும் இருப்பது தெரியவந்தது. இவ்வளவு எடையுள்ள உடலில் சத்துக்குறைவு எப்படி இருக்க முடியும் என்பது என் முதல் குழப்பம். இப்போதே குறைவாக உள்ளவை, ஒரு வேளைக்குச் சில கரண்டி மட்டும் சாப்பிடும் நிலை வந்தால் இன்னும் எவ்வளவு குறையுமோ என்பது அதைவிடப் பெரிய கவலை. மேலும், கடைசி இரண்டு வாரங்கள் கலோரி மிகக் குறைந்த உணவையே உண்ணச் சொல்லியிருக்கிறார்கள். எப்படியும் அறுவை சிகிச்சை நடக்கப்போகும்போது இந்தப் பட்டினி எதற்கு என்று என் கணவர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நெடுவழி:

சகோதரி, எனக்கு இதே பைபாஸ் முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் கணவரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள். உடல் பருமன் உள்ள பலருக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அது பெருத்திருக்கும். கல்லீரலின் இடது பகுதி இரைப்பையின் மேல் கவிந்திருப்பதால், சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபி முறையில் அதை விலக்கிப் பிடித்தபடிதான் அறுவை சிகிச்சை நிபுணர் வேலை செய்ய வேண்டும். இரண்டு வாரம் மாவுச்சத்தையும் கொழுப்பையும் குறைத்தால் கல்லீரல் சேமித்த சர்க்கரையும் அதனுடன் தங்கிய நீரும் கொழுப்பில் ஒரு பகுதியும் கரைந்து அது சுருங்கும். அவர் பார்க்கவும் கருவியைச் செலுத்தவும் இடம் கிடைக்கும். ஆகவே அது பட்டினி அன்று, அறுவை சிகிச்சையின் முதல் பகுதி.

அந்த இரண்டு வாரங்களுக்கு முன்பே நீங்கள் பழக வேண்டியவை சில உண்டு. உணவின்போது தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு, உண்டு முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்று, ஒரு வேளை உணவுக்கு இருபது முப்பது நிமிடங்கள் ஒதுக்குங்கள். தண்ணீரை மடமடவென்று குடிக்காமல், நாள் முழுவதும் சிறு மிடறுகளாகக் குறைந்தது ஒன்றரை லிட்டர் சேர்த்துவிடப் பழகுங்கள். பைபாஸுக்குப் பிறகு எஞ்சும் இரைப்பைப் பை சுமார் 30 மில்லி மட்டுமே கொள்ளும். அன்றைக்குப் போய்ப் புதிதாகக் கற்றுக்கொள்ள முயன்றால் வலியும் வாந்தியும்தான் ஆசிரியர்களாக வரும். நான் அப்படித்தான் கற்றேன்.

இன்னொரு தவறையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு மாத்திரைகளை ஒழுங்காக எடுத்தேன். எடை குறைந்து, மூட்டு வலி நீங்கி, நன்றாக இருக்கிறேன் என்ற நம்பிக்கை வந்ததும் இரண்டாம் ஆண்டில் அவற்றை நிறுத்தினேன். ஆண்டுப் பரிசோதனைக்கும் போகவில்லை. பி12 சத்தைக் கல்லீரல் நீண்ட காலத்துக்குச் சேமித்து வைத்திருப்பதால் எதுவுமே தெரியவில்லை. மூன்றாம் ஆண்டில் பாதங்கள் மரத்துப்போகத் தொடங்கின, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஊசிகள் போட்டபின் இரத்த அளவு தேறியது, ஆனால் இடது பாதத்தில் மரத்த உணர்வு இன்னும் சிறிது மீதமிருக்கிறது. குறைபாடு சத்தமில்லாமல் வளர்வது, நாம் நன்றாக இருப்பதாக எண்ணும் அந்த ஆண்டுகளில்தான்.

கதிர்மணி:

நான் உணவியல் நிபுணராகப் பணியாற்றுகிறேன். உங்கள் முதல் குழப்பம் மிகவும் நியாயமானது. எடை என்பது சேமித்த ஆற்றலின் அளவே தவிர, சத்துகளின் அளவு அன்று. வைட்டமின் டி கொழுப்பில் கரைவதால் பருத்த உடலின் கொழுப்புத் திசுவில் பரவி, இரத்தத்தில் குறைவாகவே காணப்படும். பருமனுடன் வரும் மெல்லிய அழற்சி, குடல் இரும்பை உறிஞ்சுவதையும் மட்டுப்படுத்துகிறது. இந்தக் குறைகளை அறுவை சிகிச்சைக்கு முன்பே சரிசெய்யச் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு: இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் முன்சிறுகுடலை உணவு இனித் தொடாமலேயே கடந்துவிடும். பி12 உறிஞ்சப்படத் தேவையான, இரைப்பை சுரக்கும் புரதமும் உணவுடன் முன்போலச் சேராது. நீங்கள் எவ்வளவு நல்ல உணவு உண்டாலும் இந்த இழப்பை உணவால் மட்டும் ஈடுகட்ட முடியாது. அதனால்தான் மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தொடர்கின்றன.

பொதுவான அளவுகளைச் சொல்கிறேன்; உங்களுக்கான அளவை உங்கள் மருத்துவக் குழுவே முடிவு செய்யும். புரதம் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம். கால்சியம் 1200 முதல் 1500 மில்லிகிராம். ஒரே நேரத்தில் 500 அல்லது 600க்கு மேல் உடல் எடுத்துக்கொள்ளாது என்பதால் பிரித்தே உட்கொள்ள வேண்டும். அமிலம் குறைந்த சிறு இரைப்பைக்கு கால்சியம் கார்பனேட்டைவிட கால்சியம் சிட்ரேட் ஏற்றது. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம். வைட்டமின் டி பெரும்பாலும் 3000 யூனிட்டில் தொடங்கும். பி12 வாய்வழியாக நாள்தோறும் 350 முதல் 1000 மைக்ரோகிராம், அல்லது மாதம் ஒருமுறை 1000 மைக்ரோகிராம் ஊசி. இவற்றுடன் மென்று உண்ணும் மல்டிவைட்டமினும் சேரும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கினால் ஒன்று மற்றொன்றின் வழியை மறிக்கும். இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். இரும்பு மாத்திரையைத் தேநீருடனோ காபியுடனோ எடுக்கக் கூடாது. கைபேசியில் நேரம் குறித்து வைப்பது உண்மையிலேயே உதவுகிறது.

உணவு தெளிந்த திரவத்தில் தொடங்கி, கெட்டித் திரவம், மசித்தது, மென்மையானது என்று படிப்படியாக ஏறி, ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்களில் வழக்கமான உணவை எட்டும். தட்டில் முதலில் புரதத்தைச் சாப்பிடுங்கள்: முட்டை, மீன், தயிர், பருப்பு எதுவாயினும் சரி. முதல் மாதங்களில் புரோட்டீன் பவுடர் இல்லாமல் 60 கிராமை எட்டுவது பெரும்பாலோருக்கு இயலாது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இனிப்பு திரவங்கள் குடலுக்குள் வேகமாகப் பாய்ந்து படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றைத் தரலாம். இதை டம்பிங் என்பார்கள். மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டக்கூடும். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் அது சில மாதங்களில் மீண்டும் வளரும்.

கரையோரம்:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், அது அவசரமானது. என் அக்காவுக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் மூன்று வாரம் விடாமல் வாந்தி இருந்தது. இது இயல்புதான் என்று நாங்களாகவே எண்ணிக் காத்திருந்தோம். பார்வை இரட்டையாகி நடை தள்ளாடிய பிறகுதான் கொண்டு சென்றோம். தயமின் என்னும் பி1 சத்தின் குறைபாடு என்றார்கள். அந்தச் சத்து உடலில் சில வாரங்களுக்கு மட்டுமே இருப்பு இருக்கும். எனவே வாந்தி இரண்டு மூன்று நாள் நீடித்தாலே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எங்கு சென்றாலும் பைபாஸ் செய்ததை முதலில் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் கொடுக்க வேண்டும் என்பதை உடன் வருபவரும் அறிந்திருக்க வேண்டும்.

பனித்துளி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இதையெல்லாம் கணவருக்குப் படித்துக் காட்டினேன்; தயமின் செய்தியை அவர் தனியாக எழுதி வைத்துக்கொண்டார். முழங்கால் வலிக்கு நான் அவ்வப்போது ஐபுபுரோஃபென் எடுப்பதுண்டு. அதைத் தொடரலாமா? குறைந்த கலோரி உணவின்போது இன்சுலினை வழக்கம்போலவே போட வேண்டுமா?

கதிர்மணி:

ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பைபாஸ் இணைப்பில் புண்ணை உண்டாக்கக்கூடியவை. அவற்றை விட்டுவிட வேண்டும். பாராசிட்டமால் போன்ற மாற்றை மருத்துவரிடம் கேளுங்கள். புகைப்பழக்கமும் அதே புண்ணுக்கு வழிவகுக்கும் என்பதால், வீட்டில் யாரேனும் புகைத்தால் இதையும் சொல்லுங்கள். இன்சுலின் பற்றிய கேள்வி மிக முக்கியமானது. உணவு திடீரெனக் குறையும்போது பழைய அளவையே போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். அந்த இரண்டு வாரம் தொடங்கும் முன்பே புதிய அளவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். அதே சந்திப்பில் ஃபெரிட்டினை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையால் அது போதிய அளவு உயரவில்லை என்றால், இரும்பை இரத்தக்குழாய் வழியாக ஏற்றிக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது.