மறு: பெர்சன்ஹுட் – ‘தனிமனிதத்துவம்’ வேணாம், ‘ஆள்தன்மை’ போதும்

எல்லாருக்கும் வணக்கம். பெர்சன்ஹுட், அதாவது ஒருத்தர் ஆளா இருக்கிற நிலை, அதுக்கு நம்ம சொற்பட்டியல்ல தமிழ்ல என்ன போடலாம்னு பேசிட்டிருந்தோம்ல, அதுக்குத்தான் இந்த பதில்.

அதுக்கு அண்ணன் போட்டிருந்த ‘தனிமனிதத்துவம்’ பாத்தேன். சட்டத்துக்கு சரிப்படுமோ என்னவோ, இறையியலுக்கு அந்த ‘தனி’ ஒத்துவராதுங்க. 6ஆம் நூற்றாண்டுல பொயேத்தியுஸ்ன்ற ரோமானிய மெய்யியலாளர் ‘பெர்சன்’னா என்னன்னு சொன்ன விளக்கத்துல (பகுத்தறிவு இயல்புள்ள தனித்த இருப்பு) தனி இருக்குதான், ஆனா அதுக்கு முன்னாடியே 4ஆம் நூற்றாண்டுல கப்பதோக்கியா (இன்னைக்கு துருக்கியில இருக்கிற பகுதி) ஆயர்கள் தந்தை, மகன், தூய ஆவின்னு மூணு பேரையும் உறவ வச்சுத்தான் பிரிச்சு சொன்னாங்க, மகன் இல்லாம தந்தைன்னு யார சொல்றது? அந்த கடவுளோட சாயல்லதான் மனுஷன்னு ஆதியாகமம் 1:27ல இருக்கு, அடுத்த அதிகாரத்துலயே மனுஷன் தனிமையா இருக்கிறது நல்லதல்லன்னு வந்துடுது.

எங்க கிருஷ்ணகிரி பக்கம் சந்தையில புது முகத்த பாத்தா ‘எந்த ஊரு ஆளு, யாரு வூட்டு ஆளு’ன்னுதான் கேப்பாங்க. அதாவது ஆளுன்னாலே யாரோ ஒருத்தரோட சேத்துத்தான் பேச்சு. எங்க கத்தோலிக்க கோயில்லயும் கடவுள் மூன்று ஆட்கள்னுதான் ஞானோபதேசத்துல (மறைக்கல்வியில) படிச்சோம், சீர்திருத்த சபைக்காரங்க ஆள்தத்துவம்ன்றாங்க, ஆக வேரு ஏற்கனவே இருக்கு. ஆளுமை பெர்சனாலிட்டிக்கு போயிடுச்சு. ஆள்+மை போட்டா புணர்ச்சியில ஆண்மை ஆயிடும், பாதி மனுஷங்க வெளிய நிக்கணும். அதனால ஆள்தன்மை.

இதே பெர்சன்ஹுட்டுக்கு ‘உறவாண்மை’ன்னு தங்கச்சி சொன்னதும் அழகுதான், ஆனா உறவுதான் ஒருத்தர ஆளாக்குதுன்னு வச்சா யாருமே இல்லாம ஆஸ்பத்திரி வராந்தாவுல கெடக்கிறவர் ஆள் இல்லன்னு ஆயிடாதா? எங்க ஆயாவுக்கு கடைசியில ஒரு பேரும் ஞாபகம் இல்ல, பெத்த புள்ளையவே யாருப்பா நீன்னு கேட்டாங்க, ஆனா யூனிபார்ம் போட்ட குழந்தை முன்னால வந்து நின்னா கட்டைவிரல் தானா போயி நெத்தியில சிலுவை வரையும். அறிவ வச்சு அளந்தாலும் சரி, உறவ எத்தன பேர் திருப்பி கொடுக்கிறாங்கன்னு அளந்தாலும் சரி, அவங்களுக்கு குறைஞ்சுதான் வரும். கடவுள் முதல்ல கூப்பிட்டுட்டாரு, அந்த உறவுல நிக்கிறதாலதான் ஆயா கடைசிவரைக்கும் முழு ஆளு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோட (உலக கத்தோலிக்க ஆயர்கள் கூடின சங்கம்) 1965 ஏடு தன்னையே கொடுக்கிறதுலதான் மனுஷன் தன்னை கண்டுபிடிக்கிறான்னு சொல்லுது, அந்த கட்டைவிரல் செஞ்சது அதுதானே.

‘ஆள்னா கூலியாள் மாதிரி கேக்குது’ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. மாங்கா அறுக்க பத்து ஆளு வேணும்னு எண்ணி கூப்பிடுறாங்களே, அவங்களையும் சேத்துத்தான் சாயல்னு சொல்றோம், அந்த சொல்ல விட்டுட்டு ஒசந்த சொல் ஒண்ணு தேட எனக்கு மனசு வரல.

ரிலேஷனல் பெர்சன்ஹுட்டுக்கு (உறவ வச்சு பாக்குற ஆள்தன்மை) ‘உறவுசார் ஆள்தன்மை’ன்னு பட்டியல்ல சேக்கலாமா? டீபெர்சனலைஸ் (ஒருத்தர ஆளா பாக்காம ஆக்குறது)ன்ற வினைக்கு மட்டும் இன்னும் ஒண்ணும் சிக்கல, யாராச்சும் சொல்லுங்க.