மன்றக் கூட்டங்களை நேரலையில் காட்டினால் போதுமா?

கேள்வி: எங்கள் உள்ளாட்சி மன்றக் கூட்டங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டக் கோரி மனு எழுதுகிறேன். கேமரா வைத்தால் உறுப்பினர்கள் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்கிறார் ஓர் அலுவலர். என்ன பதில் சொல்வது?

பதில்: பழைய சாக்கு. 1989-இல் பிரிட்டன் மக்களவைக்குள் தொலைக்காட்சி கேமரா நுழைவதற்கு முன்பும் இதே பேச்சுதான். அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் 1979 முதலே கேமரா இருக்கிறது. நடிக்கிறவர் கேமரா இல்லாமலும் நடிப்பார்.

ஆனால் நேரலையோடு நிறுத்திவிடாதீர்கள். நான்கு மணி நேரப் பதிவில் ஒரு டெண்டர் எந்த நிமிடத்தில் நிறைவேறியது என்று யார் தேடுவார்? நிகழ்ச்சி நிரலின் ஒவ்வொரு பொருளுக்கும் நேரக்குறி கேளுங்கள். கோப்புகள் கூட்டத்துக்கு முன்பே வெளிவர வேண்டும். யார் எப்படி வாக்களித்தார் என்ற பட்டியலும் வேண்டும். ஒலிவாங்கி தலைவர் முன்னால் மட்டும் இருந்தால், எதிர்த்துக் கேட்பவரின் குரல் முணுமுணுப்பாகத்தான் பதிவாகும். (சில இடங்களில் அதுதான் நோக்கமோ என்னவோ.)

மற்றொருவர்: வசன வரிகளையும் சேருங்கள். காது கேளாதவர்களுக்கு உதவும். சொல்லைத் தட்டித் தேடவும் வசதி.

கேட்டவர்: நன்றி. பதிவை எவ்வளவு காலம் வைத்திருக்கச் சொல்லலாம்?

பதில்: வீடியோ அடுத்த தேர்தல் முடியும் வரையாவது இருக்கட்டும். எழுத்து வடிவ நடவடிக்கைக் குறிப்பை மட்டும் ஒருபோதும் நீக்கக் கூடாது என்று தனியாக எழுதுங்கள்.