ஜம்பர் (2008): டிவிடி போதுமா, ப்ளூரே வேணுமா?

சிறுதிரை:
டக் லைமன் இயக்கின ‘ஜம்பர்’, நினைச்ச இடத்துக்கு நொடியில தாவுற ஒருத்தனோட கதை, 88 நிமிஷப் படம். 43 இன்ச் டிவி, இரண்டரை மீட்டர் தள்ளி சோபான்னா டிவிடியே தாராளம். திரை அகலம் 95 செ.மீ., அதை ப்ளூரேயோட 1920 பிக்சலாப் (படப் புள்ளி) பிரிச்சா ஒரு பிக்சல் அரை மி.மீ. நல்ல பார்வை இருக்கிறவங்களுக்கே அது தனியாத் தெரியணும்னா 1.7 மீட்டருக்குள்ள உட்காரணும். அதைத் தாண்டி உட்கார்ந்தா கூடுதல் நுணுக்கத்துக்குக் கொடுத்த காசுல பாதி வீண்.

கட்டம்கட்டம்:
அந்தக் கணக்கு அசையாத படத்துக்கு. பனி உடைஞ்சு ஆத்துக்குள்ள மாட்டிக்கிற நாயகன் டேவிட், தண்ணியோட நூலகத்துல வந்து விழற காட்சியை எடுத்துக்குங்க. படத்தைச் சுருக்கித் தட்டுல ஏத்துற என்கோடர், முந்தின ஃப்ரேமை (ஒற்றைப் படத்தை) வச்சுத்தான் அடுத்ததைக் கணிக்கும். இங்க முந்தின ஃப்ரேம்ல தண்ணியே கிடையாது. வந்ததும் ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு திசைல தெறிக்குது. கணிப்பு பலிக்காம பிட்ரேட், அதாவது நொடிக்குத் தேவைப்படுற தரவு அளவு, எகிறும். டிவிடி வீடியோவுக்கு உச்சவரம்பு நொடிக்கு 9.8 மெகாபிட், ப்ளூரேக்கு 40. வரம்பு முட்டினதும் என்கோடர் நுணுக்கத்தை வெட்டிடும், 8x8 பிக்சல் கட்டங்கள் பல்லிளிக்கும். டிவிடில இருக்கிற எம்பெக்-2ங்கிற சுருக்க முறைல கட்டத்தோட விளிம்பை மழுப்புற டீபிளாக்கிங்கும் கிடையாது. உங்க 43 இன்ச்லயே அந்தக் கட்டம் ஒண்ணு ஏறக்குறைய 1 செ.மீ. அகலம். இரண்டரை மீட்டர்ல அது தெரியாதுன்னா நான் நம்ப மாட்டேன்.

சிறுதிரை:
அது எவ்வளவு நேரம் தெரியப்போகுது? ஒரு தாவலுக்கு ஒரு நொடி. படம் முழுக்கக் கெடுறது டிவி செட்டிங்காலதான். முதல்ல மோஷன் ஸ்மூத்திங்கை அணைங்க. ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல புது ஃப்ரேம் ஒண்ணை அது தானா உருவாக்கிச் செருகும். ஒரு ஃப்ரேம்ல ஆள் இருக்கான், அடுத்ததுல இல்லைன்னா, நடுவுல உருகின மாதிரி ஒரு உருவம் வரும். தாவல்கள்தான் இந்தப் படத்தோட உயிரே, அங்கயே பாழாயிடும். எந்தத் தட்டு போட்டாலும் இதே கதிதான். ஷார்ப்னெஸையும் இறக்கிடுங்க, அது கட்ட விளிம்பை இன்னும் எடுப்பாக் காட்டும். ரெண்டுக்கும் பைசா செலவில்லை.

ஒலிப்பெட்டி:
ரெண்டு பேரும் சத்தத்தை விட்டுட்டீங்க. டிவி ஸ்பீக்கர்ல கேட்கிறவங்களுக்கு 5.1 (ஆறு சேனல் ஒலி) ரெண்டு சேனலாச் சுருங்கும்போது, அடிஒலிக்குன்னே இருக்கிற எல்எஃப்இ சேனலை வழக்கமா அப்படியே கழிச்சுடுவாங்க. தாவல் அதிர்வுல அதுக்குள்ள ஏத்தினது எல்லாம் போச்சு. ப்ளூரேல இருக்கிற டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவும் (தரம் குறையாத ஒலி) ஆப்டிகல் கேபிள்ல போகாது, தரம் குறைச்ச 1.5 மெகாபிட் டிடிஎஸ் மட்டும்தான் போகும். எச்டிஎம்ஐ போட்டு ரிசீவருக்கு பிட்ஸ்ட்ரீமா (பிளேயர் பிரிக்காம அப்படியே) அனுப்புங்க, பெரிய சத்தத்தை அமுக்குற நைட் மோடை அணைங்க. சப்வூஃபரே (அடிஒலி ஸ்பீக்கர்) இல்லைன்னா ஒலிக்காக ப்ளூரே வாங்காதீங்க.

கட்டம்கட்டம்:
அதுல எனக்கு மறுப்பில்லை. ஆனா டிவிடில இன்னொரு வினை இருக்கு. பால், என்டிஎஸ்சின்னு டிவிடில ரெண்டு டிவி முறை உண்டு. பால் முறைத் தட்டுன்னா நொடிக்கு 24 ஃப்ரேம் படம் 25ல ஓடும். 88 நிமிஷம் எண்பத்து நாலரை ஆயிடும். சுருதியைத் திருத்தாத தட்டுன்னா சாமுவேல் ஜாக்சன் குரலும் 4 சதவீதம் மேல ஏறி, அந்தக் கனம் போயிடும். மொத்த ஓட்ட நேரத்தை பிளேயர்ல பாருங்க, எந்த முறைன்னு உடனே தெரிஞ்சிடும். என்டிஎஸ்சின்னா வேகம் சரியா இருக்கும், ஆனா 60 ஹெர்ட்ஸுக்காக ஒரு ஃப்ரேம் 3 தடவை, அடுத்தது 2 தடவைன்னு மாறி மாறி வரும். கேமரா நிதானமாத் திரும்புற காட்சிகள்ல திக்கித் திக்கித்தான் நகரும்.

சிறுதிரை:
அந்தத் திக்கல் ப்ளூரேலயும் வருமே! பிளேயர்ல 1080பி 24 (நொடிக்கு 24 ஃப்ரேம்) வெளியீட்டை ஆன் பண்ணணும், டிவியும் அதை வாங்கி 24ஆவே காட்டணும். 60 ஹெர்ட்ஸ் மட்டும் தெரிஞ்ச பழைய டிவில அதே 3, 2 கணக்குதான். தட்டு வாங்கறதுக்கு முன்னாடி டிவி கையேட்டுல 24 ஹெர்ட்ஸ் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அந்தக் காசை சப்வூஃபருக்குப் போடுங்க.

கட்டம்கட்டம்:
24 ஹெர்ட்ஸ் இல்லாத டிவிலயும் டிவிடியோட கட்டம் கட்டமாத்தான் தெரியும். ப்ளூரேயையே எடுங்க.