உப்புக்கொத்தி இறக்கையை இழுத்துக்கொண்டு ஓடியது, நாங்களும் பின்னாலேயே ஓடினோம்

காட்பாடியிலிருந்து:
போன வருஷம் சித்திரையில் மரக்காணம் பக்கம் கழுவேலி சதுப்பு நிலத்துக்குப் போனோம், நானும் ஆறாவது படிக்கும் பொண்ணும். பூநாரை சீசன் இல்லை, தெரிந்தேதான் போனோம், சும்மா நடந்துவிட்டு வரலாம் என்று. உப்பளத்து வரப்பில் பத்தடி முன்னால் ஒரு உப்புக்கொத்தி, ஒரு இறக்கையைத் தரையில் இழுத்தபடி நொண்டி நொண்டி ஓடியது. "அப்பா, அடிபட்டிருக்கு, பிடிச்சுடலாம்" என்றாள். துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். நெருங்கினால் ஓடும், நின்றால் அதுவும் நின்று திரும்பிப் பார்க்கும். கால் மணி நேரம் இப்படியே. அப்புறம் சட்டென்று இரண்டு இறக்கையும் விரித்துப் பறந்துவிட்டது, பொண்ணு கை தட்டினாள். திரும்பும்போது உப்பளத்தில் வேலை செய்த அம்மா ஒருவர், "முட்டை வெச்சிருக்கும் சார், அதான் உங்கள தூரமா இட்டுனு போச்சு" என்றார். பொண்ணு முன்னால் போய்விட்டாள், அவள் காதில் விழவில்லை. அந்த வெயிலில் முட்டை வெறும் மண்ணில் கிடந்திருக்கிறது. நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து:
சார், மனசை விடாதீங்க. காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு ஆள்காட்டிப் பறவை தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டை மேல் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன், சூட்டைத் தணிக்கத்தான். திரும்பத் திரும்பப் போய் நனைத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஒன்று, நம்ம ஏரியிலேயே இவ்வளவு இருக்கும்போது கடற்கரை வரைக்கும் எதற்குப் போகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஆற்காட்டிலிருந்து:
அண்ணா, ஏரி வேறு, கழுவேலி வேறு. அங்கே மழைத்தண்ணீரும் கழிமுகம் வழியாக வரும் கடல்தண்ணீரும் கலக்கிறது, அந்தச் சேற்றில் இருக்கும் தீனி நம்ம ஏரியில் கிடையாது. 2021இல் சரணாலயமாக அறிவித்து, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலிலும், சேர்த்தது சும்மா இல்லை. காவேரிப்பாக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, வாத்து பார்க்க நானும் அங்கேதான் போகிறேன்.

என் விஷயம் பழவேற்காட்டில் நடந்தது. தை மாதம், படகில் போனோம். தூரத்தில் பூநாரைக் கூட்டம், அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு மேய்ந்துகொண்டிருந்தது. போட்டோவுக்காக "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கண்ணே" என்றேன். இரண்டாவது முறையும் சொன்னேன். எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது, அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது. படகுக்காரர் ஒன்றும் சொல்லாமல் என்ஜினை அணைத்தார். போட்டோ நன்றாக வந்தது, இதுவரை யாருக்கும் அனுப்பவில்லை.

குடியாத்தத்திலிருந்து:
கழுவேலியில் முழங்கால் வரை சேற்றில் இறங்கி ஒரு செருப்பை விட்டுவிட்டு வந்தவன் நான், அதனால் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மேலே காய்ந்து வெடித்த மாதிரி இருக்கும், அதை நம்பி கால் வைக்காதீர்கள், வரப்பிலேயே நடங்கள். ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் போங்கள், ராத்திரியே கிளம்பினால்தான் விடியும்போது அங்கே இருக்கலாம், ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பினால் தூரத்துப் பறவை எதுவும் தெரியாது. பைனாகுலர் 8x42 போதும், அதற்கு மேல் உருப்பெருக்கம் போனால் கை நடுக்கம்தான் தெரியும். வலசை வந்த பறவைகளைப் பார்க்க கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்லது. பங்குனிக்கு மேல் போனால் வெறும் தரையில் இறங்கவே வேண்டாம், முட்டை கூழாங்கல் நிறத்தில் இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். பறவை நொண்டினால் நின்று, வந்த வழியே திரும்பிவிடுங்கள். நாய் பின்னால் வந்தால் முதலில் அதைத் திருப்பி அனுப்புங்கள். டீக்கடையில் பிஸ்கட் போட்டால் அது விடாது, கூடவே வரும்.

காட்பாடியிலிருந்து:
நேற்று பொண்ணிடம் சொல்லிவிட்டேன். "அப்போ அதுக்கு அடியே படலையா" என்று கேட்டாள். இல்லை என்றேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் ரொம்ப நேரம் பேசவே இல்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "எத்தனை முட்டைப்பா இருந்திருக்கும்?" என்றாள்.