லேட்டக்ஸ் அலர்ஜி இருப்பவர் ஸ்கூபாவுக்கு எந்த சூட் போடலாம்? உதவுங்களேன்

தர்மபுரி_நர்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம். தர்மபுரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பவுடர் போட்ட லேட்டக்ஸ் (ரப்பர் மரப்பால்) கிளவுஸ் மாட்டிய கொஞ்ச நேரத்திலேயே கை தடித்துவிடும். பக்கத்தில் யாராவது கழற்றினால்கூட தும்மல் வரும். தங்கச்சி பையன் பிறந்தநாளுக்கு பலூன் ஊதி உதடு வீங்கியதிலிருந்து எனக்கு லேட்டக்ஸ் இல்லாத நைட்ரைல் கிளவுஸ் மட்டும்தான்.

ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம், ஹேவ்லாக்கில் டைவிங். அதற்காக பெங்களூரில் நீச்சல்குளப் பயிற்சிக்குப் போனேன். வாடகைக்கு 3 மி.மீ. வெட்சூட் (உடலோடு ஒட்டும் டைவிங் உடை) கொடுத்தார்கள். போட்டிருந்த வரைக்கும் ஒன்றுமில்லை. மறுநாள் சாயங்காலம் கழுத்தைச் சுற்றியும் மணிக்கட்டிலும் சிவந்து, பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம், தாங்க முடியாத அரிப்பு. சூட்டில் லேட்டக்ஸே கிடையாது என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். அப்போ இது எதனால்? தண்ணீர் உள்ளே புகாத டிரைசூட் வாங்கினால் தப்பிக்கலாம் என்கிறார் இன்னொருவர். உண்மையா?

ஓசூர்_டைவர்:
அக்கா, டிரைசூட் பக்கமே போகாதீங்க. அது குளிர்ந்த கடலுக்கானது. அந்தமான் தண்ணீர் 27-லிருந்து 30 டிகிரி இருக்கும், உள்ளே வெந்து போவீங்க. அதைவிட முக்கியம், பல டிரைசூட்டில் கழுத்தையும் மணிக்கட்டையும் இறுக்கிப் பிடிக்கிற சீல் சுத்தமான லேட்டக்ஸ். அது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க டால்க் பவுடரும் தூவுவாங்க. கிளவுஸ் பவுடர் செய்த வேலையை அது செய்யும். சிலிக்கான் சீல் போட்டதும் வருது, ஆனா உங்க பயணத்துக்கு அந்தச் செலவே வேண்டாம்.

தோல்_பிஜி_கிருஷ்ணகிரி:
சிஸ்டர், கடைக்காரர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வெட்சூட் செய்யும் நியோபிரீன் என்பது ரப்பர் மரத்துப் பாலில் வருவதல்ல, 1930-ல் டூபான்ட் ஆய்வகத்தில் உருவான செயற்கை ரப்பர். லேட்டக்ஸ் புரதம் அதில் இல்லை.

உங்களுக்கு இரண்டு தனித்தனிப் பிரச்சினை இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். கிளவுஸும் பலூனும் நிமிஷக்கணக்கில் வீக்கத்தைக் கொடுக்கின்றன. அது புரதத்துக்கு வரும் உடனடி அலர்ஜி, மூச்சுத்திணறல் வரை போகக்கூடியது. வெட்சூட் பட்ட இடத்தில் ஒரு நாள் கழித்து வந்த கொப்புளம் வேறு ரகம். ரப்பரை இறுகவைக்கச் சேர்க்கும் ரசாயனங்களுக்கு வரும் தொடுதோல் அழற்சி அது. நியோபிரீனில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தயோயூரியா வகை, முக்கியமாக டைஎத்தில்தயோயூரியா. உராய்வும் குளோரினும்கூட தோலைச் சிவக்க வைக்கும், ஆனால் ஒரு நாள் தள்ளி நீர்க்கொப்புளம் வருவது பெரும்பாலும் இந்த ரசாயன அலர்ஜியில்தான்.

ஒன்று கேட்கிறேன்: நியோபிரீனில் செய்த முழங்கால் பட்டை, லேப்டாப் உறை, மவுஸ் பேட் மாதிரி எதுவாவது முன்பு இப்படிச் செய்ததா?

தர்மபுரி_நர்ஸ்:
ஆமாம் டாக்டர்! ஸ்கூட்டியில் விழுந்தபோது முட்டிக்கு நீ கேப் போட்டேன். அது இருந்த அளவுக்கு வட்டமாக சிவந்து தோல் உரிந்தது. வேர்வையால் என்று விட்டுவிட்டோம். அப்போ நியோபிரீனே கூடாதா? உள்ளே மெல்லிசா ஏதாவது போட்டுக்கொண்டால்?

தோல்_பிஜி_கிருஷ்ணகிரி:
உள்ளே லைக்ரா போட்டாலும் தண்ணீரிலும் வேர்வையிலும் அந்த ரசாயனம் ஊறி தோலுக்கு வந்துவிடும், நம்ப வேண்டாம். முதலில் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் நனையாமல் வைத்து எடுத்துப் பார்ப்பார்கள், மறுபடியும் ஓரிரு நாள் கழித்துப் பார்ப்பார்கள். வழக்கமான தொகுப்பில் தயோயூரியா பெரும்பாலும் இருக்காது, கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். கிழிந்த பழைய சூட் துண்டு கிடைத்தால் கொண்டுபோங்கள், அதையே ஒட்டிப் பார்க்கலாம். புரத அலர்ஜிக்கு பேட்ச் டெஸ்ட் உதவாது. அதற்கு ரத்தத்தில் ஐஜிஇ (அலர்ஜி எதிர்ப்பொருள்) அளவு, அல்லது அவசர சிகிச்சை வசதி உள்ள இடத்தில் ஊசிக்குத்துப் பரிசோதனை.

இதை அழுத்திச் சொல்கிறேன்: உதடு வீங்கிய விஷயத்தை டைவிங் மருத்துவப் படிவத்தில் மறைக்காதீர்கள். தண்ணீருக்கடியில் தொண்டை அடைத்தால் அட்ரினலின் ஊசி போட அங்கே யாரும் இல்லை. அலர்ஜி டாக்டரின் கையெழுத்து இல்லாமல் கடலில் இறங்கக் கூடாது.

ஓசூர்_டைவர்:
டாக்டர் சரின்னு சொன்னா, அந்த வெப்பத்துக்கு உடம்பு முழுக்க மூடுகிற லைக்ரா சூட் போதும். குளிரும்னு தோணினா ஃப்ளீஸ் உள்வைத்த, நியோபிரீன் இல்லாத சூட் இருக்கு. அது நியோபிரீன் மாதிரி மிதக்காது, அதனால வெயிட் பெல்ட்டில் ஈயம் குறைக்கணும், இன்ஸ்ட்ரக்டர்கிட்ட சொல்லிடுங்க. ஓரங்களில் தைத்த எலாஸ்டிக்கில் ரப்பர் நூல் இருக்கான்னு கேளுங்க. "சுற்றுச்சூழலுக்கு நல்லது"ன்னு விற்கிற யூலெக்ஸ் சூட் இயற்கை ரப்பரில் செய்வது. புரதத்தை நீக்கிட்டோம்னு சொல்றாங்க, ஆனாலும் உங்க டாக்டர் சொல்லாம தொடாதீங்க.

மாஸ்க், வாய்ப்பிடி ரெண்டும் சிலிக்கானா சொந்தமா வாங்கிடுங்க. காலில் மாட்டுற துடுப்போட (ஃபின்) வார் ரப்பரா இருந்தா ஸ்டீல் ஸ்பிரிங் வார் மாத்திக்கலாம். நீச்சல் தொப்பியும் சிலிக்கான்தான். துடுப்புக்குள்ளே காலுறை மாதிரி போடுற பூட்டீஸ் நியோபிரீன், அதை மறந்துடாதீங்க. வெறும் காலில் மாட்டுற துடுப்பு வாங்கினா அந்தத் தொல்லை இல்லை, ஆனா கால் நுழையுற பகுதி எந்த ரப்பர்னு கேட்டுக்கோங்க.

பாலக்கோடு_அம்மா:
கண்ணு, என் மகளுக்கும் லேட்டக்ஸ் ஆகாது. வாழைப்பழம் தின்னா வாய் நமநமன்னு அரிக்கும். பப்பாளி, அவகாடோ, கிவியும் சிலருக்கு ஒத்துக்காதாம். படகுல பழம் வெட்டிக் குடுத்தா பார்த்துத் தின்னும்மா.

தர்மபுரி_நர்ஸ்:
எனக்கும் வாழைப்பழம் அரிக்கும்மா, இதுவும் அதுவும் ஒண்ணுன்னு யாரும் சொன்னதில்லை. அடுத்த வாரம் சேலத்தில் பேட்ச் டெஸ்ட்டுக்கு நேரம் வாங்கிவிட்டேன். பயிற்சி எடுத்த இடத்தில் பழைய சூட்டிலிருந்து ஒரு துண்டு தருவதாகச் சொன்னார்கள். ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.